மாதிரி எடுத்த நேரம்

நேற்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம். பாண்டுக்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஏற வேண்டிய வெள்ளைக் குதிரை மட்டும் என் பால்கனிக்கு நேர் கீழே அரை மணி நேரம் நின்றது. நின்ற குதிரை சும்மாவா நிற்கும்? எதிர்வீட்டு அம்மாள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். நானோ கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நன்றாக மூச்சை இழுத்தேன்.

நம் லேப் தட்டு வாசனை. அதே வாசனை. திரும்பிப் பார்த்தேன், சொல்வதற்கு யாருமில்லை. லேபில் வளர்த்த ஒரு கிருமி இப்படித்தான் நாறும் என்று என் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னால், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்பாள். உனக்கென்றால் ஒரு வார்த்தை போதும். நீ போய் ஒரு வருஷமாகிறது. உன் பையன் போனில் சொன்னபோது இந்த வடக்கத்தி ஊர்ப் பழக்கத்தில் அச்சா, அச்சா என்று கேட்டுக்கொண்டு, வைத்த பிறகுதான் அழுதேன்.

பதினாலு வருஷம் ஒரே லேபில் பக்கத்துப் பக்கத்து மேஜை நமக்கு. ஆர்.கே.புரத்தில் நான் பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து உனக்கு இடம் பிடிப்பேன். லக்ஷ்மிபாய் நகரில் நீ ஏறியதும் முதல் வேலையாக என் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பாய். உன் திண்டுக்கல் தமிழும் என் கும்பகோணத் தமிழும் சண்டை போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்.

நம் வேலையை வெளியே சொல்ல முடியாது. நோயாளிகளின் மலம்தான் நம் சோறு. ஆபரேஷனுக்கு வந்தவர்கள் ஆன்டிபயாடிக் ஏறி ஏறி, குடலில் இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்து, ஆஸ்பத்திரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கெட்ட கிருமிக்கு இடம் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகிற நாளில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க நம்மிடம் இரண்டு வழி. ஒன்று, கிருமி கக்கும் விஷத்தை அன்றைக்கே தேடும் சோதனை. இன்னொன்று, மாதிரியைக் கண்ணாடித் தட்டில் தீற்றி, காற்றுப் புகாத ஜாடியில் வைத்து இரண்டு நாள் கிருமியை வளர்ப்பது.

விஷ சோதனையில் ஒரு தொல்லை உண்டு. மாதிரி வெளியே சூட்டில் கிடந்தால் விஷம் அழிந்துபோகும், நோய் இருந்தும் இல்லை என்று காட்டும். "வெயில்ல வச்ச பால் மாதிரிடீ இது" என்பாய். அதனால் வார்டு பையன்களை நம்பாமல் நீயே ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறுவாய்.

வளர்த்த தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்று சுவரிலேயே ஒட்டியிருந்தது. நீ கேட்டால்தானே! மூடியைத் தூக்கியதுமே, "குதிரை வந்தாச்சு" என்பாய். எனக்கு ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. "உன் மூக்கு மூக்குத்தி போடத்தான் லாயக்கு" என்று சிரிப்பாய்.

அந்த ஜூன் மாதம் உனக்குப் பித்தப்பை ஆபரேஷன், நம் ஆஸ்பத்திரியிலேயே. ஐந்தாம் நாள் காலையில் ட்யூட்டிக்கு முன்னால் உன்னைப் பார்க்க வந்தேன். முகம் வெளுத்திருந்தது. ராத்திரியிலிருந்து எட்டுத் தடவை போயிற்று என்றாய். டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டால், ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறாய். உனக்கா தெரியாது என்ன நோயென்று? ஊரார் எல்லோருடையதையும் முகம் சுளிக்காமல் தொட்டவள், உன்னுடையதை நம் லேப் பையன்கள் தொடுவார்களே என்று கூசிப்போயிருந்தாய்.

"நீ மட்டும் பாருடி. ரிஜிஸ்டர்ல என் பேரு வேண்டாம். வந்துச்சுன்னா நானே டாக்டர்ட்ட சொல்லிக்கிறேன்."

சரி என்றேன். திட்டியிருக்க வேண்டும். நேராகப் போய் டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் கண்ணைப் பார்த்துவிட்டு, சரி என்று மாதிரி டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

லேப் ஃப்ரிட்ஜில் வைத்தால் யாருடையது என்று கேட்பார்களே என்று பயம். பெயர் எழுதாத அந்த டப்பாவை, காகிதத்தில் சுற்றி, உடை மாற்றும் அறையில் என் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த அறையில் மின்விசிறிகூடக் கிடையாது. ஆளில்லாத நேரத்துக்குக் காத்திருந்தேன், காத்திருந்தேன், எல்லோரும் சாப்பிடப் போன பிறகுதான் எடுத்தேன். அன்றைய சோதனை வரிசையில் கடைசியாக அதையும் சேர்த்தேன். ஒரு துளியைத் தட்டிலும் தீற்றி ஜாடிக்குள் வைத்தேன்.

விஷம் இருந்தால் வர வேண்டிய நிறமே வரவில்லை. நெகடிவ். சாயங்காலம் வந்து சொன்னதும் நீ முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "எம்புட்டு நேரம் வெளியில கெடந்துச்சு?"

"அரை மணிகூட இல்லைடி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை வருஷம் லேபில் வேலை பார்த்தவள் இவ்வளவு அசட்டுத்தனம் பண்ணினாள் என்று உன்னிடம் ஒத்துக்கொள்ள வெட்கம், அவ்வளவுதான். உனக்கு ஒரு வெட்கம், எனக்கு ஒரு வெட்கம். நீ என் வார்த்தையை நம்பினாய். அப்படியென்றால் சாப்பாடுதான் என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாய். ஆன்டிபயாடிக் தொடர்ந்து ஏறியது.

மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் வயிறு உப்பிவிட்டது. அன்று காலை ஜாடியைத் திறந்து தட்டை எடுத்தேன். மூடியைத் தூக்கவே இல்லை, லேசாக நகர்த்தினேன். குப்பென்று வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கு அந்த வாசனை தெரிந்தது, அதுவும் உன் தட்டில். கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி ஓடி டாக்டரிடம் சொன்னேன். பழைய மருந்தை நிறுத்தி, சரியான மருந்தைத் தொடங்கினார்கள். உன் காதருகே குனிந்து, "குதிரைடி" என்றேன். உதடு வறண்டிருந்த நீ சிரிக்கப் பார்த்தாய்.

"அப்ப மொதல்ல ஏன் வரலை?"

"டெஸ்ட் கிட் பழசா இருக்கும்" என்றேன்.

"அப்டியா" என்று சொல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். அன்று மத்தியானம் உன்னை ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். பத்து நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மலை மந்திர் கோயில் முருகனிடம் வேண்டாத வேண்டுதல் இல்லை.

உன்னை வார்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான், வேறு எதற்கோ லேப் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். சோதனை கிட் பெட்டி கண்ணில் பட்டது. மூடியில், உன் சாய்ந்த கையெழுத்தில், பிரித்த தேதி. அட்மிட் ஆவதற்கு முதல் நாள் நீயே பிரித்து எழுதிவைத்த புதுப் பெட்டி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மூன்று மாதம் கழித்து, பாதியாக இளைத்து வேலைக்குத் திரும்பினாய். வந்த வாரமே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாய்: மாதிரி எடுத்த நேரம், சோதனைக்கு வைத்த நேரம், இரண்டும் எழுதாமல் எந்த டப்பாவையும் எடுக்கக் கூடாது. ரிஜிஸ்டரில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் நீயே போட்டாய். என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் வழக்கம் போல என் டப்பாவைத் திறந்தாய், சாம்பாரில் உப்பு குறைச்சல் என்றாய். எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்த மாதிரிக்கும் என்னிடம் வாயால் நேரம் கேட்டதே இல்லை, கட்டத்தைத்தான் பார்த்தாய். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நீ திண்டுக்கல்லுக்குக் கிளம்பிய அன்று, ஸ்டேஷனில் உண்மை வாய் வரை வந்தது. ரயில் நகர்ந்துவிட்டது.

இப்போதும் நான் எல்லாவற்றிலும் நேரம் எழுதுகிறேன். தோசை மாவு டப்பா, மாத்திரை அட்டை, பால் பாத்திரம். வரும்போதெல்லாம் என் பெண் சிரிக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

அன்றைக்கு உன் டப்பாவுக்குக் கட்டம் இருக்கவில்லை. இன்று நிரப்புகிறேன்.

மாதிரி எடுத்த நேரம்: காலை ஏழே முக்கால். சோதனைக்கு வைத்த நேரம்: மத்தியானம் ஒன்றரை.