பதில் கடமை ஐயாவும் உன் தையல் மெசினும்

தங்கச்சி,

உன் மெசின் வழக்கு வெற்றியில்தான் முடியும் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். இன்று காலை மருமகள் உன் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டாள். வாசனை மூக்கில் ஏறியதும், நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனதை மறந்து, தோட்டத்து லயத்தில் நீ குடியிருந்த அடுத்த காம்பிராவைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டுவிட்டேன்.

இதற்கு முந்திய மெசின் வாங்கிய மூன்றாம் நாளே நூலைக் கடித்துத் துப்பியது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. நுகர்வோர் அலுவலகத்தில் முறையிட்டாய். மெசினில் குறையில்லை, தைத்தவருக்குப் பழக்கம் போதாது என்று கடிதம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்குப் பள்ளிச் சட்டை தைத்தவள் நீ. விஷயம் பரவியதும் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள்.

"மெசினு போனாப் போகுதுண்ணே. எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு எழுதிட்டாங்களே," என்றாய். உன் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

நுவரெலியா கோட்டில் வழக்குப் போட்டாய். துணைக்கு நான். சட்டத்தை நான் கரைத்துக் குடித்தவன் என்பது இறம்பொடை முழுக்கத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றது வேறு கதை.

"அந்த அலுவலகத்திலேயே அப்பீல் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறதே, அதை விட்டு இங்கே ஏன் வந்தீர்கள்?" என்றார் நீதிபதி. நியாயமான கேள்விதான். எல்லாரும் நேரே கோட்டுக்கு ஓடினால் அந்த வழி எதற்கு? நமக்காக வந்த லோயர் தாள்களைப் புரட்டினார். நீ எழுந்தாய்.

"அங்கயும் போய்ப் பாத்தேங்க ஐயா. எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு எழுதுன ஐயாவே அப்பீல் மேசையிலயும் ஆள் இல்லன்னு பதில் கடமையில ஒக்காந்திருக்காருங்க. நான் தச்ச சட்டைய நானே பாத்து நல்லாயிருக்குன்னா, போடுறவங்க ஒத்துக்குவாங்களா?"

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீதிபதி எழுந்து உன்னைக் கும்பிட்டார் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். கண்ணாடியையாவது கழற்றினார்.

"வழக்கமாக அப்பீலுக்குத்தான் அனுப்புவேன். கேட்கிற ஆளே மாறாத அப்பீலுக்கு எப்படி அனுப்புவது?" என்று வழக்கை எடுத்தார். அவர் சொன்னபடி வேறொரு அதிகாரி மெசினைப் பிரித்துப் பார்த்தார். குறை மெசினில்தான் என்று எழுதிக் கொடுத்தார். புதியது வந்தது. நீயோ அதைத் தொடுவதற்கு முன், புதுக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய்.

யாராவது கோட்டுக்குப் போகிறேன் என்றால் இப்போதும் நான் கேட்பது இரண்டுதான்: "அப்பீல் இருக்கா? அத யாரு கேக்குறாரு?" இரண்டும் நீ விட்டுப்போனவை.

அந்தச் சட்டைப் பேச்சைக் கோட்டுக்குப் போன பஸ்ஸில் வைத்து நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஊரே நம்புகிறது. உன்னிடம் மறைக்க முடியுமா? வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். பையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீ. வழி நெடுக நான் சொன்னது ஒன்றே ஒன்று: "தோத்துருவோம் தங்கச்சி, திரும்பிப் போயிரலாம்."