கறுத்தக் கல்லும் பெரியக்காவின் கையும்

என் ஆசை இஞ்சாருங்கோ,

நாற்பது வருசம் அப்படித்தானே கூப்பிட்டேன், இனிப் பெயர் சொல்ல வாய் வருமா?

உங்கள் கறுத்தக் கல் வந்துபோய்விட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கரியைவிடக் கறுப்பாகச் சுற்றுகிற அந்தச் சிறுகோள் எங்கள் தொலைநோக்கிக்குத் தெரியாது, ஒரு நட்சத்திரத்தை மறைத்தால்தான் அது இருப்பதே விளங்கும் என்று எத்தனை தரம் பாடம் எடுத்தீர்கள்! மூன்று தரம் மொட்டை மாடியில் காத்திருந்தீர்கள். மூன்று தரமும் முகில். நாலாம் தரத்துக்கு நீங்களே இல்லை.

இலங்கையிலிருந்து வேறு ஒருவரும் அந்த மறைப்பு நேரத்தை அளக்கவில்லை, நீங்களாவது செய்வீர்களா என்று அந்த வெளிநாட்டுக் குழு உங்களுக்கு ஈமெயில் போட்டிருந்தது. விட மனம் வரவில்லை. உங்கள் குறிப்புக் கொப்பியில் இருந்தபடியே போனில் குரல் பதிவை ஓடவிட்டேன். நட்சத்திரம் மறைந்ததும் "போச்சு", திரும்பத் தெரிந்ததும் "வந்திட்டுது". இரண்டே சொல், இதைக்கூடவா பிழைவிடுவேன்?

துணைக்குப் பெரியக்கா கிருலப்பனையிலிருந்து வந்திருந்தார். உங்கள் அக்காவைத் தெரியும்தானே. "போறன்" என்று சொன்னவரைப் படியில் மறித்து, "போட்டு வாறன்" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்.

நட்சத்திரம் பட்டென்று மறைந்தது. "போச்சு!" என்றேன்.

"பொழுதுபட்ட நேரத்திலை என்னடி போச்சு! போட்டு வரும் எண்டு சொல்லு!"

சொன்னதோடு விட்டாரா? என் வாயையும் பொத்திவிட்டார். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது. அதற்குள் நட்சத்திரம் எட்டிப் பார்த்தது. கடித்தேன்.

"ஐயோ, கடிச்சுப்போட்டாள்!"

பதிவை அப்படியே அனுப்பி, "ஐயோ என்கிற இடத்தில்தான் நட்சத்திரம் திரும்ப வந்தது" என்று விளக்கமும் எழுதினேன். வெட்கக்கேடு! ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். அளந்தவர் பெயர் கேட்டார்கள், உங்கள் பெயரை முதலில் போட்டேன். கையில் பிளாஸ்டரோடு பெரியக்கா தன் பெயரும் வேண்டும் என்கிறார். நியாயம்தானே?

ஒன்று சொல்ல வேண்டும். நட்சத்திரம் இல்லாத அந்தச் சில வினாடியும் எனக்குப் பயமே வரவில்லை. எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கொப்பியில் இருந்தது. உங்களுக்கு அப்படி ஒரு நேரம் குறித்துத் தர ஒருவரும் இல்லையே. அதை நினைத்து அழுதேன். பெரியக்கா கைநோவில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டால், அவரும் அதற்குத்தான் அழுதாராம்.

அந்தக் கல் இனி எந்த நட்சத்திரத்தை மறைத்தாலும் நான் மாடியில் இருப்பேன். பெரியக்காவும் வருவார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

இப்போதும்
உங்கட மனுசி