கூறு போட்டபோது விட்டுப்போன பெயர்

மல்லிகாவின் மூட்டையிலிருந்து உன் புத்தகம் கிடைத்தது. மண் சரிந்த அன்று, கைக்கு அகப்பட்டதை அள்ளிக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தவள் அவள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஒரு கம்பளி, அதற்கடியில் இந்தப் புத்தகம். நீ மாவுச் சாக்கில் தைத்துப் போட்ட உறை அப்படியே இருக்கிறது. மோந்து பார்த்தேன். அடுப்புப் புகையும் தேயிலைக் கொழுந்துச் சாறும் கலந்த, உன் லயத்து ஒற்றையறைக் காம்பராவின் வாசனை. நீ போய் இரண்டு வருஷமாகிறது, நம்ப முடியவில்லை.

“இரவல் வாங்குனது. தொலைச்சா அக்கா திட்டுவாங்கன்னு தூக்கியாந்தேன்” என்றாள் மல்லிகா. செத்துப்போனவளின் திட்டுக்குப் பயப்படுகிறவளிடம் நான் என்ன சொல்வது? சிரித்துவிட்டு, பிறகு அந்தப் பக்கம் போய் அழுதேன்.

ஹட்டனில் பழைய பேப்பர் கடையில் நீ பொறுக்கி எடுத்தது இது. முன்பக்கங்கள் இல்லை. எழுதியவர் யாரென்று கடைசிவரை நமக்குத் தெரியாது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில்தானே எனக்கு வேலை. மத்தியானக் கொழுந்தை எடைபோட்ட கையோடு, தலையில் கூடைக் கயிற்றின் தடம் மறையுமுன்னே வந்து உட்காருவாய். “புள்ளைக எந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு பக்கம்” என்பாய். இரண்டு பக்கம் இருபதாகிவிடும்.

ஒருநாள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாய். எந்த வீட்டில், எந்தச் சாதியில், ஆணாகவா பெண்ணாகவா பிறக்கப்போகிறோம் என்று தெரியாதவர்கள் கூடி உட்கார்ந்து ஊருக்குச் சட்டம் எழுதினால், அந்தச் சட்டம் நியாயமாக இருக்கும். இதுதான் அந்தப் பக்கத்தின் சாரம்.

நான் துள்ளினேன். “ஏ, இது நம்ம கோயில் கூறுல்ல!”

நம் தோட்டத்தில் முனியாண்டிக்குக் கிடாய் வெட்டினால் கறியைத் தார்ப்பாயில் கூறு கூறாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டி மரத்தைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைக் குச்சியால் தொட்டு, “இது யாருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் லிஸ்டைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்வார். ஈரல் யாருக்குப் போனது, எலும்பு யாருக்குப் போனது என்று எவரும் சண்டை போட முடியாது.

நீ மட்டும் துள்ளவில்லை. “திரும்பி நிக்கிறவரு பாக்காமச் சொல்றாரு, சரி. அந்தப் பேரு லிஸ்ட்ட எழுதுனவங்க கண்ணத் தெறந்துக்கிட்டுத்தானே எழுதுனாங்க?” என்றாய்.

எனக்கு முகம் செத்துப்போனது. அதற்கு முந்திய வாரம்தான் திருவிழா முடிந்திருந்தது. அந்த லிஸ்டை எழுதியது நான். “ஆம்பள இல்லாத வூடு தலைக்கட்டுல வராதும்மா, விட்டுரு” என்று அப்போதைய தோட்டத் தலைவர் சொன்னார். கணவனைப் பறிகொடுத்த உன் பெயரை நான் விட்டுவிட்டேன். கடைசிக் கூறு போகும்வரை நீ சட்டியோடு நின்றாய். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “யாரு பேரு விட்டுப் போச்சுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?” என்றாய். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் நாம் படித்த விதமே மாறியது. தேர்தல் மேடையில் ‘நம்ம மக்கள்’ என்று ஒருவர் முழங்கினால், நீ என் விலாவில் இடிப்பாய். “அந்த மக்கள்ல கூடை தூக்க முடியாமக் காம்பராவுல கெடக்குறவ இருக்காளான்னு கேளு.” சட்டமும் நியாயமும் பேசும் புத்தகங்கள் உனக்குப் பிடிக்கும். எனக்குக் கதைதான். ‘கதைக்காரி’ என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சில நாள் முன்பு நீயாகவே இறங்கி வந்தாய். “தத்துவம் கண்ணக் கட்டிக்கன்னு சொல்லுது. கத, கட்ட அவுத்துட்டு யாரு சட்டியோட நிக்கிறான்னு பாருங்குது. ரெண்டும் வேணும் புள்ள.”

இப்போது என்னிடம் இன்னொரு லிஸ்ட் வந்தது. மண்ணில் போன லயத்து வரிசை வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடு கிடைக்க வேண்டியவர்களின் பெயர்கள். என் எழுத்து இன்னும் அழகாக இருக்கிறதாம். தோட்டத்தில் வேலைக்குப் பதிந்தவர்களின் செக்ரோலில் பெயர் இருந்தால்தான் எழுத வேண்டும் என்றார் இப்போதைய தலைவர். மல்லிகா நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவள். அவள் கூரையும்தானே எல்லார் கூரையோடும் போனது?

“மல சரிஞ்சப்ப செக்ரோலப் பாத்தா சரிஞ்சிச்சு?” என்று கேட்டேன்.

“ஒம் பேரு இருக்குல்ல? கெளறி விட்டீன்னா எல்லாருக்கும் நின்னுரும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. என் வீடும் அந்தத் தாளில்தான் இருந்தது.

இன்று காலை கிராம சேவகர் வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில், காய்கிற துணிகளுக்கு நடுவே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். லிஸ்டை வாசித்தேன். என் பெயரைக் கடைசியில் வைத்திருந்தேன். அதை வாசித்ததும் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து நின்று, எல்லார் முகத்தையும் பார்த்துக் கேட்டேன்.

“யாரு பேரு விட்டுப் போச்சு?”

தலைவர் என் சேலையைத்தான் பிடித்து இழுக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், “மல்லிகா பேரு வரல.” இன்னொன்று, “எங்க மாமியா வூடு வரல.” நான்கு பெயர்கள் வந்தன. நான்கையும் என் பெயருக்கு மேலே எழுதி, அதன் பிறகுதான் கையெழுத்திட்டேன்.

“மேல எடுப்பாங்களோ தெரியாது” என்றார் கிராம சேவகர்.

“எடுக்கலேன்னா திரும்ப எழுதுவோம் மாத்தயா. மறுபடியும் திருப்பி அனுப்புவாங்க, மறுபடியும் எழுதுவோம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உன் குரலாக இருக்கலாம்.

உன்னிடம் சொல்லாமல் போன ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தத் திருவிழா லிஸ்டை எழுதியது நான்தான் என்று உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். கோயில் கம்பத்தில் ஒட்டியிருந்த தாளை நீ வாசித்தாய். என் எழுத்தை உன்னைவிட அறிந்தவர் யார்? தெரிந்தும் அடுத்த வாரமே புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. நீ இருக்கும்வரை நாக்கு எழவில்லை.

இன்றைய லிஸ்டின் கார்பன் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. மாவுச் சாக்கு உறைக்குள், நீ அன்று நின்றுவிட்ட அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் நான்கு பெயர்களுக்கும் மேலே, அரசாங்கத்துக்கு வேண்டாத ஒரு பெயரையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உன் பெயர்.