கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு நிமிடம்

என் ஆசை அண்ணாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் இவ்வளவு குளிர் இராது என்று நம்புகிறேன். இந்த டேனிஷ் நகரம் ரண்டர்ஸில் எல்லாரும் நித்திரை. சித்தி வீட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, கால்மிதியில் குந்தியிருந்து எழுதுகிறேன். அம்மா வந்து தட்டினால் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

விடிந்தால் திங்கட்கிழமை. அம்மாவைப் பொலிஸ் மறுபடியும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. எங்களை இந்த நாட்டில் இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பது அதில்தான் இருக்கிறது. இந்தமுறை என்னையும் தனியாகக் கேட்பார்களாம். உங்களைப் பற்றிக் கேட்பார்கள், அண்ணா.

அம்மா எனக்குச் சொல்லித் தந்திருக்கும் பதில் இது. "அண்ணா காய்ச்சலிலை செத்தவன் எண்டு சொல்லு. ஆமி பிடிச்சது எண்டு வாய் திறந்தியோ, எங்களையும் ஆயுதம் தூக்கின இயக்கத்து ஆக்கள் எண்டு நினைச்சு அடுத்த பிளேனிலை ஏத்திப் போடுவாங்கள். பொலிஸ் எங்கையும் பொலிஸ்தான்." முதல் விசாரணையிலும் அம்மா அப்படியே சொல்லியிருக்கிறார்.

அதனால் உங்கள் படம் பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. இறந்தவர்களுக்கான பூசைக்கு எல்லாரும் பெயர் கொடுத்தபோதும் அம்மா உங்கள் பெயரைக் கொடுக்கவில்லை. பூசை வைக்கும் சுவாமி ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம். பிறகு வீட்டுக்கு வந்து குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

இந்த நிலையில்தான் சனி ஞாயிறு நான் ஓல்போர்க் நகரத்துக்கு ஐஸ் ஹொக்கி பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். என் வகுப்பில் லீனா என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அண்ணன் பீற்றர் இங்குள்ள கல்லூரி அணியில் விளையாடுகிறான். நம்முடைய ஊரில் கல்லூரிகள் கிரிக்கெட்டில் மோதுமே, அப்படி இங்கே பனிக்கட்டியில். லீனாவின் அம்மாதான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

சித்தப்பாவுக்கு ஒரே பகிடி. "வழுக்கி விழுறதைப் பாக்க ஓல்போர்க் வரைக்கும் போக வேணுமே பிள்ளை? வாசல்லை நில். நான் காலமை வேலைக்குப் போகேக்கை சும்மாவே பாக்கலாம்."

"போயிட்டு வரட்டும்," என்றார் அம்மா. "இஞ்சை இருந்து யோசிச்சால் காய்ச்சல்தான் வரும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் போனதுமே எனக்குத் திரும்பி ஓட வேண்டும் போலிருந்தது. தலைக்கவசமும் கையில் தடியுமாக, முகம் தெரியாத பெரிய பெரிய உருவங்கள் வரிசையாக இறங்கி வந்தன. அவர்கள் அடிப்பது பந்தல்ல, கறுப்பு இறப்பர்த் தட்டு. அது சுற்றியிருக்கும் பலகையில் பட்டால் துவக்கு வெடி மாதிரிக் கேட்கும். முதல் வெடிக்கே நான் இருக்கைக்குக் கீழே போய்விட்டேன். கோல் விழுந்து சைரன் ஊதியபோதும் அங்கேயே கிடந்தேன்.

லீனா டேனிஷில் சொன்னதை நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். "மேலை வா! விளையாட்டு அங்கை நடக்குது, என்ரை சப்பாத்துக்குள்ளை இல்லை."

மெல்ல மெல்ல எழுந்து பார்த்தேன். அண்ணா, அது எவ்வளவு வடிவான விளையாட்டு! அடியில் கத்தி வைத்த சப்பாத்துகள் திரும்பும்போது பனித்தூள் வெள்ளையாகச் சீறுகிறது. பீற்றர் முன்னே பார்த்தபடியே பின்னால் ஓடுகிறான், மீன் மாதிரி. பொரித்த வெங்காயமும் சொசேஜும் மணக்கிற அந்தக் குளிருக்குள் எல்லாரும் "கொம் சோ!" என்று கத்தினார்கள். விடாதே, வா என்று அர்த்தம். நானும் கத்தினேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

இரவு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு நிலத்தில் படுத்தோம். போட்டிக்கு வந்தால் இங்கே அப்படித்தானாம். பள்ளிக்கூட நிலத்தில் ஆட்களோடு ஆட்களாகப் படுப்பது, ஊரில் அகதியாக ஓடிய எனக்குப் புதிதா? ஆனால் இவர்கள் சிரித்துச் சிரித்துப் படுத்தார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பிரெடெரிசியா என்ற ஊர் அணியோடு விளையாட்டு. நடுவில் ஊதல் கேட்டது. நடுவர் பீற்றரைக் கூட்டிக்கொண்டு மறுபக்கம் போனார். அங்கே கண்ணாடி அடைத்த ஒரு கூடு. பீற்றர் உள்ளே போனதும் ஒருவர் கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.

லீனாவின் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "பீற்றரைப் பிடிச்சிட்டினம்! எழும்புங்கோ, உடனை போய்க் கேளுங்கோ! பிந்தினால் வேறை இடத்துக்கு மாத்திப் போடுவாங்கள்!"

அவர் வாயில் சொசேஜோடு என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் பிள்ளை. தடியாலை மற்றவன்ரை காலை வாரினவன்தானே. இன்னும் கொஞ்ச நேரம் வைச்சிருந்தாலும் எனக்குச் சந்தோசம்."

ஒலிபெருக்கி பேசியது. பீற்றரின் பெயர், செய்த பிழை, இரண்டு நிமிடத் தண்டனை. மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்கள். அவன் எல்லாரும் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற யாரோடோ வாய்க்கு வாய் சண்டையும் பிடித்தான். நேரம் முடிந்தது. கதவு திறந்தது. பாய்ந்து வெளியே வந்தான்.

அண்ணா, அந்தக் கதவு திறந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்களைக் கொண்டுபோனபோது யார் பெயர் சொன்னார்கள்? யார் காரணம் சொன்னார்கள்? அம்மா ஆமி முகாம் வாசலில் ஒவ்வொரு நாளும் விடியப் போய் நின்றாரே. "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றுதானே திருப்பி அனுப்பினார்கள்? உங்களோடு உள்ளே இருந்து வெளியே வந்தவர் வீடு தேடி வந்து சொல்லாவிட்டால், நீங்கள் அங்கேயே செத்ததுகூட எங்களுக்குத் தெரிந்திராது.

"ஏன் அழுறாய்? நாங்கள் வெல்லுறம்!" என்று லீனா என்னை உலுக்கினாள். நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், சத்தத்துக்கு நடுவில், பிழை பிழையான டேனிஷில்.

லீனாவின் அம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "இதைப் பொலிசுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. சொன்னால் எங்களை அனுப்பிப் போடுவினம்."

"பிள்ளை, இப்பிடி நடந்த ஆக்களைத்தானே இஞ்சை இருக்க விடுறது! சொல்லாட்டித்தான் அனுப்புவினம்."

அதற்குப் பிறகு நடந்த விளையாட்டு எனக்கு ஞாபகமில்லை. வென்றோமாம். திரும்பி வரும் வழியெல்லாம் இதே யோசனை. லீனாவின் அம்மா சப்பாத்துக் கடையில் வேலை செய்கிறவர். அவருக்கு எப்படித் தெரியும்? அம்மா சொல்வது சரியாக இருந்துவிட்டால்? நான் ஒன்று சொல்லி அம்மா இன்னொன்று சொன்னால், இரண்டு பேரும் பொய்காரர் என்று எழுதிவிட மாட்டார்களா? வீட்டுக் கதையை வெளியாளிடம் சொல்லிவிட்டு வந்து நிற்கிறேனே, நீங்கள் என்றால் என்னை ஏசுவீர்களா?

புட்டைத் தட்டில் போட்டபடி அம்மா இன்றைக்கும் என்னிடம் அந்தப் பதில்களைப் பாடம் கேட்டார்.

"அண்ணாக்கு என்ன வருத்தம்?"

"காய்ச்சல்."

"ஆர் பக்கத்திலை இருந்தது?"

"நீங்கள், அம்மா."

அந்தப் பதிலைக் கேட்டதும் அம்மாவின் கை நின்றுவிட்டது. உங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்! சித்தி வந்து கையிலிருந்த அகப்பையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

அண்ணா, நான் முடிவெடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன். விடிய அவர் தேத்தண்ணி வைக்கும்போது பக்கத்தில் போய் நின்று சொல்வேன், லீனாவின் அம்மா சொன்னதையும் சேர்த்து. ஏசுவார், அடித்தாலும் அடிப்பார். பிறகு பொலிஸ் கேட்கும்போது, உங்கள் முழுப் பெயர், எந்தச் சந்தியில் பிடித்தார்கள், யார் பிடித்தார்கள், எந்த முகாம், எல்லாம் சொல்வேன். முதல் விசாரணையில் அம்மா சொன்னது பயத்தில் சொன்னது என்பதையும் சொல்வேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இனி ஒருமுறை உங்களை நான் காய்ச்சலில் சாக விட மாட்டேன்.

உங்கள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போன
ஒரே தங்கச்சி,
றஞ்சி