வெள்ளைக்கு வெள்ளை சேர்த்தது

ராஜபாளையம்,
பிலவ வருஷம், கார்த்திகை மாதம்.

கண்டிச் சீமையில் இருக்கும் மைத்துனர் சுந்தரபாண்டியன் அவர்களுக்கு இருளப்பசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மாரியாத்தாளும் பிள்ளைகளும் உடம்புக்குச் சுகம். மனசுக்குத்தான் சுகமில்லை.

தோட்டத்துத் துரைக்கு ஒரே ஈற்றில் பிறந்த வெள்ளை நாய் ஜோடி கேட்டிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஜோடியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. மறை, அதாவது வேறு நிறத் திட்டு, விழக் கூடாது என்று நம் வீட்டு நாய்களுக்குள்ளேயே வெள்ளைக்கு வெள்ளை சேர்த்து வந்தேன். நிறம் பால் மாதிரி நின்றது. ஆனால் இந்த ஈற்றுக் குட்டிகளுக்குப் பின்னால் தாம்பாளத்தைத் தட்டினேன். பாதிக் குட்டிகள் திரும்பவே இல்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் நன்றாகக் காது கேட்கும்!

போன ஈற்றுக்கு முன் இதே தாய் வேலி தாண்டிப் போய், சேத்தூர்ப் பக்கத்துச் செவலை மறை நாயோடு சேர்ந்துவிட்டது. காதில் செவலைத் திட்டோடு குட்டிகள் விழுந்ததும் சாதி கெட்டது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவை இன்று எலி ஓடினாலும் எழுந்து குரைக்கின்றன. அவற்றில் இரண்டு மட்டும் சுத்த வெள்ளை. அவற்றுக்கும் காது கேட்கிறது. விசாரித்தால், அந்தச் செவலை நாயின் தாய் வெள்ளையாம். மேலே தெரியாத நிறம் உள்ளே ஒளிந்திருந்து வருமானால், செவிடும் அப்படி வராதா?

தாம்பாளம் தட்டும்போது உங்கள் தங்கை பக்கத்தில் நின்றாள். "நம்ம பயலும் இப்படித்தான திரும்பாம கெடந்தான்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறவிச் செவிடான எங்கள் மூத்தவன் பால்ச்சாமிக்காக மடவார் வளாகம் வைத்தியநாதர் கோயிலுக்கு நடந்த நடை கொஞ்சமா? எங்கள் இருவருக்கும் காது கேட்கிறது. அவள் என் மாமன் மகள்.

உங்கள் மகன் வேலுசாமிக்கும் எங்கள் மகள் முத்தாத்தாளுக்கும் தையில் நாள் பார்க்கச் சொன்னீர்கள். நான் இன்னும் ஜோசியரிடம் போகவில்லை. நாயையும் மனுஷரையும் ஒன்றாகப் பேசுகிறான் பார் என்று நீங்கள் சீறலாம். உங்கள் தங்கையும், "எங்க அண்ணன் மூஞ்சில எப்பிடி முழிக்க" என்று அழுகிறாள். ஆனாலும் ஜோசியரிடம் போய் வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

வேலுசாமி தங்கமான பிள்ளை. அவன் பேச்சை எடுத்தால் முத்தாத்தாள் அடுப்பு வேலையை விட்டுவிட்டுக் கேட்கிறாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வேன்? அவனுக்கு எந்த ஊரில் பெண் எடுத்தாலும் மாமன் முறைக்கு நான் முன்னால் நின்று செய்கிறேன். வைத்தியநாதர் அவன் குலத்தைக் குறைவில்லாமல் பெருக்கட்டும். மைத்துனரே, உங்கள் தங்கைக்கு உங்கள் வீட்டுக் கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குப் பயந்து காத்திருக்கும்,
இருளப்பசாமி.