கவிழ்ந்த வண்டியை என்ன செய்வது, அண்ணா?

என் ஆசை சகாயம் அண்ணனுக்கு,

கணியம்பாடியில் எல்லோரும் இருக்கிறோம். உன் வண்டியும் இருக்கிறது. அதை என்ன செய்வதென்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்த நீ, ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் வைத்துச் செய்த வண்டி. பழைய பைக், பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு தொட்டி. நாலு மூட்டை காய்க்காக எந்த லோடு ஆட்டோவும் நம் ஊருக்குள் வராது, பஸ்ஸிலும் ஏற்ற மாட்டார்கள். நீதான் எல்லார் காயையும் வேலூர் லாங் பஜாரில் சேர்த்தாய். அதே வண்டி ஏரிக்கரை வளைவில் கவிழ்ந்துதான் நீ போனாய்.

தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். யாரையும் தொட விடவில்லை.

போன வாரம் பக்கத்து நிலத்து செல்வி அக்கா வந்தாள். "ஸ்டெல்லா, கத்திரிக்கா செடியிலயே முத்திப் போவுது. வண்டிய குடேன், நான் ஓட்டிக்கிறேன்."

"எங்க அண்ணன கொன்ன வண்டி அது, அக்கா."

"என் பொண்ண பாம்பு கடிச்சப்போ உங்கண்ணன் அதுலதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாரு. நான் அத இன்னான்னு சொல்றது?"

இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் உன் தோஸ்த், மெக்கானிக் பாஷா பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தப்பு வண்டி மேலயா பாய், அண்ணன் மேலயா?"

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "லோடு ஜாஸ்தி ஆயிருக்கலாம். நாய் குறுக்க வந்திருக்கலாம். தொட்டிக்கு பிரேக் இல்ல, எறக்கத்துல பின்னாலேர்ந்து தள்ளும். எதுன்னு அல்லாவுக்குத்தான்மா தெரியும்."

எல்லாம் தெரிந்த நீ ஏன் பிரேக் வைக்கவில்லை? அடுத்த ஞாயிறு வைக்கலாம் என்று இருந்தாயா? உன் மேல் கோபப்படலாமா, கூடாதா?

பாய் பிரேக் வைத்துக் கொடுத்தார். நேற்று செல்வி அக்கா ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். ஏரிக்கரை வளைவில் குதித்துவிடலாம் போலிருந்தது. பஜாரில் ஒரு கூலிக்காரர், "சகாயம் வண்டிடா, வழி விடு" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணா. சந்தோஷமா அது? நான் சந்தோஷப்படலாமா?

செய்தது சரியா என்று இன்னமும் தெரியவில்லை. ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். யார் கெஞ்சினாலும் ஒரு மூட்டைகூட அதிகம் ஏற்ற விடமாட்டேன். இந்த ஊரில் இன்னொரு தங்கச்சி இப்படி ஒரு கடிதம் எழுதக் கூடாது.

உன் கடைக்குட்டித் தங்கச்சி,
ஸ்டெல்லா