மெத்தையில் விழுந்தவர்கள்

அண்ணா,

அப்பா நேற்று சமையலறையில் விழுந்துவிட்டார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் வேலை முடிந்து வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார்.

ஆமாம், நீ ஆராய்ச்சி செய்து அனுப்பிய கருவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் விழுந்தால் அடுத்த நொடியே அலறும், நம் இருவருக்கும் செய்தி வரும் என்றாயே!

உன் ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். விழுவதை அடையாளம் காண இதற்குக் கற்றுக்கொடுக்க யாரை விழ வைத்தீர்கள் என்று கேட்டேன். "காலேஜ் பசங்கதாங்க. மெத்தை போட்டு நூத்துக்கணக்கான தடவை விழுந்தாங்க" என்றாள் உன்னோடு வேலை பார்க்கும் பெண்.

அவர்கள் தொப்பென்று விழுவார்கள். அப்பா அப்படியா? அலமாரியைப் பிடித்து, சுவரில் சாய்ந்து, மெல்ல மெல்லச் சரிந்திருக்கிறார். அவர் உட்காருகிறார் என்று உன் கருவி நினைத்துக்கொண்டது. ஒரு வாரம் அவரோடு இருந்து பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். வா என்று சொல்லவில்லை. உனக்கு வேலை இருக்கும்.

இன்று காலை ஆத்திரம் தாங்காமல் அதைச் சுவரில் எறிந்தேன். அதற்கு மட்டும் அலறி ஊரைக் கூட்டியது. உடனே நீ விடாமல் அழைத்தாய். நான் எடுக்கவில்லை. 'விழுந்தது கருவி, அப்பா இல்லை' என்று ஒரு வரி அனுப்பினேன். அதோடு நீ மறுபடி காணாமல் போனாய்.

"யாரும்மா, அண்ணனா கூப்பிட்டான்?" என்று கேட்டார் அப்பா. தலையாட்டினேன்.

"அப்ப நாளைக்கும் ஒரு தடவை எறிம்மா."

உன் தங்கை